கொட்டாங்குச்சிக் குளம்

அந்தத் தேரை முங்கிச் சாகப் போகிறது என்றுதான் பால்புட்டியக்கா நினைத்தாள். அவளைக் குறை சொல்வதற்கில்லை. நீங்களோ நானோ அந்த இடத்தில் நின்றிருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம். கண்ணாடித் தொட்டிக்குள் பாசியும் ஈர இலையுமாக ஒரு குட்டிக் காடு. அதன் மூலையில் பாதிக் கொட்டாங்குச்சி, அதில் ஒரு கை நீர். கட்டைவிரலின் ஒரு கணு அளவே இருக்கும் பழுப்புத் தேரை ஒன்று அந்த நீரில் கிடந்து பின்னங்கால்களால் உதை உதையென்று உதைத்துக்கொண்டிருந்தது. மூக்கை ஓட்டின் விளிம்பில் முட்டிக்கொண்டு, ஓயாமல், இடைவெளி விடாமல். இவ்வளவு உதைத்தும் இருந்த இடத்தைவிட்டு இம்மியும் நகரவில்லை. ஏற வழி தெரியாமல் தவிக்கிறது பாவம் என்று அவளுக்குப் பட்டது.

பட்டுவிட்டால் பிறகு அவள் கை சும்மா இருக்காது. அந்த மிருகக்காட்சிசாலையில் தாயில்லாக் குட்டிகளுக்கென்று ஒரு வார்டு உண்டு. அதில் இருபது வருஷத்துக்கும் மேலாக அவள்தான் எல்லாம். தாய் ஒதுக்கிய மான்குட்டி, கூட்டிலிருந்து விழுந்த கிளிக்குஞ்சு, கண் திறக்காத மரநாய்க் குட்டி என்று எது வந்தாலும் நேராக அவள் மடிக்குத்தான் வரும். குரங்குக்குட்டி ஒன்றை ஒரு மழைக்காலம் முழுக்க வயிற்றோடு துணியில் கட்டிக்கொண்டு அலைந்திருக்கிறாள். கையில் எப்போதும் பால்புட்டி இருந்ததால் பெயரே அப்படி ஆகிவிட்டது. சம்பளம் போடுகிறவர்களுக்கே அவளுடைய நிஜப் பெயர் சட்டென்று நினைவுக்கு வராது. அவள் கை பட்டால் பிழைத்துவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்லிச் சொல்லி அவளும் அதை நம்பிவிட்டாள், அதுதான் வினை.

அந்த வாரம் அவள் தன் வார்டுக்குப் போகவே முடியாது. தேரை அறையைப் பார்த்துக்கொள்ளும் தொப்பி, சிறுநீரகக் கல்லை எடுப்பதற்காக மருத்துவமனையில் படுத்திருந்தான். வழுக்கையை மறைக்க இருபத்து நான்கு மணி நேரமும் தொப்பி போடுகிறவன், இந்த அறைக்குள் மட்டும் வெறுந்தலையோடு நிற்பான். வெளித்தூசி எதுவும் உள்ளே வரக்கூடாது என்பது இங்கே சட்டம். உள்ளே போட்டுக்கொள்ளத் தனிச் செருப்பு, தனிச் சட்டை. வாசலில் மருந்துத் தண்ணீர்த் தட்டில் கால் நனைக்க வேண்டும். தைலம், பவுடர், கைக்குப் பூசும் கிரீம் எதுவும் ஆகாது, அந்தச் சின்ன உயிர்கள் தோலாலேயே தண்ணீர் குடிப்பவை, நம் கையில் இருப்பதெல்லாம் அவற்றின் உடம்புக்குள் போய்விடும். வேறு மிருகங்களைத் தொட்ட கையோடு இங்கே வரக்கூடாது. ஆகவே தொப்பி திரும்பும்வரை அவளுக்கு மானும் கிடையாது, கிளியும் கிடையாது. ஈரப்புகை தூவும் குழாய் அடைக்கிறதா என்று பார்ப்பது, இரைக்குப் பழ ஈக்களைத் தட்டிவிடுவது, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பது, இவ்வளவுதான் வேலை. தூக்கி அணைக்க ஒன்றுமே இல்லாமல் அவள் கை துறுதுறுத்துக்கொண்டே இருந்தது.

இத்தனைக்கும் அந்தத் தேரைகள் சாமானியப்பட்டவை அல்ல. நெக்டோஃப்ரைன் என்று பெயர், வாயில் நுழையாது. நுழையாததால் எல்லோரும் மரத்தேரை என்றுதான் சொல்வார்கள். மழைக்காட்டில் இலையோடு இலையாக ஏறித் திரிகிற ஜாதி. விரல்களுக்கு அடியில் சின்னச் சின்ன மெத்தைகள் இருக்கும், அதனால் கண்ணாடியில்கூட விறுவிறுவென்று ஏறும். அந்தப் பேரினத்தில் இருப்பதே இரண்டு வகைதான் என்று தொப்பி சொல்லியிருந்தான். "பாவம்க்கா, சொந்தக்காரன்னு சொல்லிக்க ஒருத்தன்தான்," என்பான். இரண்டு வருஷமாக அவை முட்டையிடுமா என்று காத்திருந்தான். இட்டன. பொரித்தும் விட்டன. சரியாக அந்த நேரம் பார்த்து அவனுக்குக் கல் வந்து தொலைந்தது. "கொட்டாங்குச்சியில பொரிஞ்சிருக்கு. அந்தப் பக்கமே போயிடாத. தண்ணி ஊத்தாத, கிளறாத, எதையும் தொடாத. முக்கியமா அந்த..." என்று அவன் ஆரம்பித்தபோது, "தெரியும் தெரியும், எனக்கே பாடம் எடுக்காத, நீ போய்க் கல்லை எடு," என்று அவனை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டவள் இவள்தான்.

இப்போது நீருக்கடியில் மிளகைத் தட்டிப்போட்டது போலத் தலைப்பிரட்டைகள் கறுப்பாகக் கிடப்பது தெரிந்தது. மேலே இந்தத் தடியன் உதைத்துக்கொண்டிருக்கிறான். இவனும் சாவான், இவன் காலில் மிதிபட்டுக் குழந்தைகளும் சாகும். அவள் கையுறை மாட்டி, அதை வடிகட்டிய நீரில் நனைத்து, மூடியை விலக்கி, இரண்டு விரலால் அவனைப் பூப்போல எடுத்தாள். அவன் விரலிடுக்கிலும் உதைத்தான். "சரி சரி, ஒண்ணும் இல்லடா ராஜா, வந்துட்டேன்ல," என்று சொல்லிக்கொண்டே ஈரப்பாசி போட்ட தனிப் பெட்டியில் விட்டாள். அவன் பெட்டியின் மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். கொட்டாங்குச்சி நீர் அடங்கி, மேலே இருந்த விளக்கு அதில் அசையாமல் தெரிந்தது. நாளெல்லாம் வீணாக நின்ற கைக்கு அப்போதுதான் ஒரு நிம்மதி வந்தது.

அந்தச் சந்தோஷத்தோடுதான் சனிக்கிழமை சாயங்காலம் மகனுக்குப் போன் போட்டாள். மகன் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவன், வீட்டிலிருந்தே வேலை. மருமகள் நர்ஸ். வேறு ஊரில் ஒரு பெரிய மருத்துவமனையில் பயிற்சிக்குப் போயிருக்கிறாள், குழந்தையோடு தங்க அங்கே இடமில்லை. நல்ல பெண், மாமியார் என்ற முறையில் அக்காவுக்கு அவள்மேல் ஒரு புகாரும் கிடையாது. புகாரெல்லாம் மகன்மேல்தான். தவழ்கிற பெண்குழந்தையை ஓர் ஆண்பிள்ளை தனியாக வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பான்? போகும்போதெல்லாம் பார்க்கிறாளே. தாடி மண்டிக் கிடக்கிறது. சட்டைத் தோளில் எப்போதும் ஒரு கறை. ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் பென்சில், அடுப்பில் ஏதோ தீய்கிறது. அவனைப் பார்க்கவே வயிறு எரிந்தது அவளுக்கு.

அப்பன்மார்களைப் பற்றி அவளுக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. வார்டுக்கு வருகிற குட்டிகளில் எதையாவது அப்பன் தேடி வந்து அவள் பார்த்ததுண்டா? புலியிடம் விட்டால் தின்றே விடும். மானுக்குத் தன் குட்டி எது என்றே தெரியாது. அவளுடைய வீட்டுக்காரர், போய்ச் சேர்ந்துவிட்டார், நல்ல மனுஷன், குழந்தை அழுதால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்ச் சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொள்வார். அவர் கோபப்பட்டதில்லை, அடித்ததில்லை, அவ்வளவுதான். ஆகவே குழந்தையைத் தன்னிடம் விட்டுவிடு, மருமகள் திரும்பும்வரை நான் பார்த்துக்கொள்கிறேன், வேலை நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துக்கொள்வாள், மற்ற நேரம் நான் இருக்கிறேன் என்று மகனைப் பார்க்கும்போதெல்லாம் நச்சரித்தாள். அவன் சிரித்து மழுப்பிக்கொண்டே இருந்தான். போன வாரம் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து, இவன் தூங்காமல் கிடந்து, ஒரு வரைபடத்தைத் தப்பாகப் போட்டுத் திட்டு வாங்கி, கடைசியில் போனில் "சரிம்மா" என்றான். அந்த ஒரு சொல்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொண்டுவந்து விடுவதாக ஏற்பாடு. அவள் தொட்டில் வாங்கிக் கட்டி, பால்புட்டிகளை வெந்நீரில் போட்டு எடுத்து, சுவரில் கரடிப் படம்கூட ஒட்டிவிட்டாள்.

"இன்னைக்கு ஒரு உயிரைக் காப்பாத்தினேன்டா," என்றாள் மகனிடம்.

"நீ என்னைக்குதான் காப்பாத்தல," என்றான் அவன். பின்னால் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது. "நாளைக்கு அவளோட துணியெல்லாம் ஒரே பையில போட்டுடுறேன்மா. அவ அந்தக் கிழிஞ்ச துண்டு இல்லாம தூங்க மாட்டா. அதை மட்டும் தோய்ச்சிடாத."

"எனக்குத் தெரியாதா," என்றாள் அவள்.

ஞாயிறு காலை, அரைநாள் வேலைக்கு வந்தவுடன் தொப்பிக்குப் போன் செய்தாள். நலம் விசாரிக்கத்தான். ஆனால் வாய் சும்மா இருக்குமா? "உன் ஆள் ஒருத்தன் முங்கப் பார்த்தான், நான் மட்டும் இல்லைன்னா போயிருப்பான்," என்று தொடங்கி, கொட்டாங்குச்சி, உதை, ஈரக் கையுறை எல்லாவற்றையும் சொன்னாள். மறுபக்கம் பேச்சே இல்லை. மயக்க மருந்து இன்னும் தெளியவில்லையோ என்று நினைத்தாள்.

"அக்கா," என்றான் தொப்பி கடைசியில். குரல் கிணற்றிலிருந்து வந்தது. "அவன் முங்கலக்கா. அதான் அவன் வேலை."

"என்ன வேலை?"

"அதுங்கள்ல அப்பன்தான் எல்லாம். அம்மா முட்டையைப் போட்டுட்டுப் போயிடும். அவன்தான் காவல். அந்தத் தம்மாத்துண்டு தண்ணியில காத்து எங்க இருக்கு? அவன் அங்கேயே கிடந்து உதைச்சு உதைச்சுத் தண்ணியை ஆட்டுவான். அப்பதான் பிள்ளைங்களுக்கு மூச்சு. இருந்த இடத்துலயே நீஞ்சுவான், அதான் நகரல. அக்கா, எப்ப எடுத்த?"

"நேத்து... சாயங்காலம்."

"ஐயோ," என்றான் தொப்பி. அவ்வளவுதான் சொன்னான். பக்கத்தில் அவன் மனைவி, அழாதீங்க, தையல் பிரிஞ்சிடும் என்று சொல்வது கேட்டது.

பால்புட்டியக்கா போனும் கையுமாகத் தேரை அறைக்கு ஓடினாள். மருந்துத் தட்டில் கால் நனைத்ததும், சட்டை மாற்றியதும், கை கழுவியதும் அவளுக்கு நினைவில்லை, பழக்கத்தில் உடம்பு தானாகச் செய்தது. கொட்டாங்குச்சியில் நீர் நேற்று விட்டபடி அப்படியே இருந்தது. தலைப்பிரட்டைகள் பாதிக்கு மேல் அடியில் ஒட்டிக் கிடந்தன. சில மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இரண்டு மூன்று வெளிறிப்போய்ப் பக்கவாட்டில் சாய்ந்திருந்தன, அவை முடிந்துவிட்டன என்பது அவளுக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. "அட பாவி," என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டாள். "அட பாவி மகளே."

போன் நனையாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு அலமாரியில் நிறுத்தி, மிருகக்காட்சிசாலை டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். அவர் ஞாயிற்றுக்கிழமையும் எடுப்பார். முழுக்கக் கேட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"முதல்ல அப்பனைத் திரும்பத் தொட்டியில விடுங்கக்கா. கொட்டாங்குச்சிக்குள்ள போடாதீங்க, பக்கத்துல விடுங்க. அவனா போகணும்."

"போவானா டாக்டரம்மா?"

"தெரியலக்கா. ஒரு தடவை பயந்துட்டா விட்டுட்டும் போயிடலாம். யாரும் நிறையப் பார்த்ததில்ல. அதுவரைக்கும் நீங்கதான் தண்ணியை ஆட்டணும். ஏர் பம்ப்பெல்லாம் வேண்டாம், அந்த வேகத்துக்குக் குட்டிங்க ஓட்டுல அடிபடும். மருந்து சொட்டுற ஃபில்லர் இருக்குல்ல? மெதுவா உறிஞ்சி மெதுவா விடுங்க. நிறுத்தாதீங்க."

அப்பனைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொட்டாங்குச்சிக்குப் பக்கத்தில் பாசியின்மேல் விட்டாள். அவன் ஒரு கணம் இருந்தான். பிறகு திரும்பி, கண்ணாடியில் ஏறி, தொட்டியின் மேல்மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டான். அவள் மருந்துக் குப்பியின் ஃபில்லரைக் கழுவி எடுத்துக்கொண்டு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். உறிஞ்சு, விடு. உறிஞ்சு, விடு. துளித்துளியாக நீர் விழும்போது மிளகுகள் லேசாகச் சிலிர்த்தன. தோள் வலித்தது. கையை மாற்றினாள். இடது கை மந்தம், துளி பெரிதாக விழுந்தது, மறுபடி வலது கைக்கே வந்தாள். இத்தனூண்டு உடம்பை வைத்துக்கொண்டு இவன் இதைப் பகலும் ராவும் செய்துகொண்டிருந்தானே என்று மேல்மூலையைப் பார்த்தாள். அவன் இந்தப் பக்கமே திரும்பவில்லை.

மகன் வருகிற விஷயம் அவளுக்குச் சுத்தமாக மறந்துபோயிற்று. வீட்டுச் சாவி அவளிடம். பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு, போன் செய்து பார்த்துவிட்டு, எடுக்காததால் அவன் நேரே இங்கேயே வந்துவிட்டான். வாசல் காவலருக்கு அவனைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தேரை அறைக்கு ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதற்கு அப்பால் மாணவர்கள் வந்து நின்று பார்க்கிற நடை. கண்ணாடியில் யாரோ தட்டுகிற சத்தம் கேட்டு நிமிர்ந்தால், குழந்தை இரண்டு கையாலும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதன் பின்னால் தாடி. தோளில் ஒரு பெரிய பை. அலமாரியில் சத்தம் அணைத்து வைத்திருந்த போன் மினுங்கியது. அவள் முழங்கையால் அதைத் தொட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னம்மா பண்ற?"

"தண்ணி ஆட்டுறேன்."

"எதுக்கு?"

அவள் கையை நிறுத்தாமல் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. நேற்று காப்பாற்றினேன் என்று பீற்றிக்கொண்ட கதை இதுதான் என்பதையும் சொன்னாள். மகன் முதலில் சிரித்துவிட்டான். எப்போதும் ஜெயிக்கிற அம்மா ஒருமுறை சறுக்கினால் எந்தப் பிள்ளைக்கும் சிரிப்பு வரத்தானே செய்யும். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தான், சிரிப்பு நின்றது.

"அழறியாம்மா?"

"இல்ல. கையால துடைக்க முடியல, அதான் வழியுது."

"அப்ப அவன் நல்லாத்தான் நீஞ்சிக்கிட்டு இருந்திருக்கான்," என்றான் மகன். அதற்குமேல் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டுக் குழந்தையை மறுதோளுக்கு மாற்றினான். உறிஞ்சு, விடு. குழந்தை கண்ணாடியில் வாயை ஒட்டி எச்சிலால் வட்டம் போட்டது. அவன் தன் சட்டைத் தோளாலேயே அதைத் துடைத்தான். அந்தக் கறை எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கு இப்போது தெரிந்தது.

"அவன் மூஞ்சியப் பார்த்தா கஷ்டப்படுறானா இல்லையான்னு உனக்குத் தெரியுமாம்மா?" என்றான். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டான்.

"தெரியும்னு நினைச்சேன்டா."

அவள் வாழ்நாளில் எத்தனையோ குட்டிகளிடம் எத்தனையோ பேசியிருக்கிறாள். பசிக்குதா, குளிருதா, எங்க வலிக்குது என்று பதில் சொல்லாத வாய்களிடமெல்லாம் கேட்டிருக்கிறாள். பதில் சொல்லத் தெரிந்த இவனிடம் கேட்கத் தோன்றவே இல்லை. ஃபில்லரை நீருக்குள் வைத்தபடி, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"உனக்கு எப்படிடா இருக்கு?"

"எனக்கா?" அவன் யோசித்தான். "தூக்கம் இல்ல. முதுகு போச்சு. முந்தாநாள் உப்புக்குப் பதிலா சர்க்கரையைப் போட்டுட்டேன்." குழந்தையின் தலையை முகர்ந்தான். "ஆனா காலையில கண்ணு முழிச்சதும் இவ தலையைத் தூக்கி சுத்திச் சுத்திப் பார்ப்பாம்மா. என்னைப் பார்த்ததும் மறுபடி தலையை வச்சுப் படுத்துப்பா. எழுந்துக்க மாட்டா. நான் இருக்கேனான்னு மட்டும் பார்த்துப்பா."

"இதை ஏன்டா நீ எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீ எங்க கேட்ட? வீட்டுக்குள்ள வந்ததுமே துடைக்க ஆரம்பிச்சிடுவ."

அது குத்தியது. குத்தட்டும், நியாயம்தானே என்று அவள் இருந்தாள். ஒரு துளி பெரிதாக விழுந்துவிட்டது. "அப்புறம் ஏன் சரின்னு சொன்ன?"

"நீ சொன்னா சரியா இருக்கும்னுதான்," என்றான் மகன். "எல்லாரும் அப்படித்தானம்மா சொல்றாங்க. உன் கையில கொடுத்தா பிழைச்சுக்கும்னு."

அவளுக்கு அந்த இடத்திலேயே எழுந்து கண்ணாடிக்கு அப்பால் போய் அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அவனைக் கடைசியாகக் கட்டிக்கொண்டது எப்போது என்று தெரியவில்லை. குரங்குக்குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்த அந்த மழைக்காலத்தில் இவனுக்கு ஆறேழு வயது, அம்மா என்னையும் தூக்கு என்று பின்னாலேயே வந்தான், நீ பெரியவன்டா என்று சொன்னாள். ஆனால் எழ முடியாது. கையை நிறுத்தினால் அங்கே மூச்சு நிற்கும். அவள் உறிஞ்சினாள், விட்டாள்.

"அம்மா, வலது பக்கம் பாரு. மெதுவா."

அவன் சொன்னது எதை என்று புரிந்து அவள் கண்ணை மட்டும் நகர்த்தினாள். மேல்மூலை காலியாக இருந்தது. தேரை கண்ணாடியின் பாதிவரை இறங்கிவிட்டிருந்தது. ஒவ்வொரு காலாக, மெத்தை விரலை எடுத்து வைத்து, நின்று, மறுபடி எடுத்து வைத்து. பாசியில் இறங்கியது. கொட்டாங்குச்சியின் விளிம்பில் ஏறி, ஃபில்லருக்கு எதிர்ப்பக்கமாக உட்கார்ந்துகொண்டு நீரைப் பார்த்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள், கை மட்டும் அதன்பாட்டுக்கு உறிஞ்சி விட்டுக்கொண்டிருந்தது. தேரை பார்த்துக்கொண்டே இருந்தது. இறங்கவில்லை. அவள் துளிகளை இன்னும் மென்மையாக விட்டாள். அப்போதும் இறங்கவில்லை.

"எறங்குடா சாமி," என்று கெஞ்சினாள். "உன் பிள்ளைங்கதான்டா."

"நீயே ஆட்டிக்கிட்டு இருந்தா அவன் எதுக்கும்மா எறங்கணும்?" என்றான் மகன் போனில். சாதாரணமாகத்தான் சொன்னான், அவன் கண்ணும் கொட்டாங்குச்சியில்தான் இருந்தது.

அவள் ஃபில்லரைப் பார்த்தாள். நிறுத்தாதீங்க என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். நிறுத்தி, இவன் இறங்காமல் போய்விட்டால்? மிளகுகளில் ஏற்கெனவே சில போய்விட்டன. மீதி இருப்பவற்றுக்கு அவள் கைதான் இப்போது காற்று. இருபது வருஷமாக எந்தக் குட்டியிடமிருந்தும் அவளாகக் கையை எடுத்ததில்லை. குட்டி வளர்ந்து அதுவாகப் போகும்வரை கை அங்கேயே இருக்கும். பயமாக இருந்தது அவளுக்கு, நன்றாகவே பயமாக இருந்தது. ஃபில்லரை மெல்ல நீரிலிருந்து எடுத்தாள். நுனியில் தொங்கிய கடைசித் துளியைத் தன் சட்டையில் தொட்டு எடுத்தாள். கையைப் பின்னால் கொண்டுபோய், ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

நீர் அடங்கத் தொடங்கியது. வெளியே குழந்தை கண்ணாடியை விட்டுவிட்டுக் கண்ணைக் கசக்கியது. தூக்க நேரம் போலிருக்கிறது. பையிலிருந்து கிழிந்த துண்டின் ஒரு மூலையை மகன் உருவ, அது அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அவன் கழுத்தில் முகம் புதைத்தது.

"பையை எங்கம்மா வைக்கட்டும்? காவல்காரர் ரூம்ல வச்சிட்டு, இவ தூங்கினதும் உங்கிட்ட கொடுத்துட்டு நான் கிளம்பவா? இவ முழிச்சிருக்கும்போது நான் போனா அழுவா."

அவள் அவனைப் பார்த்தாள். தாடி, கறை, பை, கண்ணுக்குக் கீழே கறுப்பு. எல்லாம் அப்படியே இருந்தன, நேற்றுவரை பார்த்தவைதான்.

"பை உன் தோள்லயே இருக்கட்டும்," என்றாள்.

அவன் புரியாமல் பார்த்தான். பிறகு புரிந்து, நழுவிய பையைத் தோளில் ஏற்றிக்கொண்டான். "தொட்டில் வாங்கிட்டியேம்மா," என்றான்.

"இருக்கட்டும். வேலை முடிஞ்சதும் உன் வீட்டுக்கு வரேன். ரெண்டு பேரும் சாப்பிட ஏதாவது செஞ்சு வைக்கிறேன். நீ போய்த் தூங்கு." அப்புறம், "துடைக்க மாட்டேன்," என்றாள்.

அவன் சிரித்தான். போகவில்லை. குழந்தை தூங்கும்வரை நடக்க முடியாதோ என்னவோ, அங்கேயே நின்று இடது காலிலிருந்து வலது காலுக்கும் வலது காலிலிருந்து இடது காலுக்குமாக உடம்பை மாற்றி மாற்றி ஆட்டிக்கொண்டிருந்தான். அவன் அதை அறிந்து செய்வதாகவே தெரியவில்லை. பையின் கனத்தில் ஒரு தோள் இறங்கியிருந்தது. நடையில் ஒரு பெஞ்சு இருந்தது, அதில் உட்காரலாம். உட்காருடா என்று சொல்ல அவள் பின்னாலிருந்து கையை எடுத்துத் தூக்கினாள். பாதியில் நிறுத்தி, மறுபடி பின்னால் கொண்டுபோய் மற்றக் கையில் கொடுத்துவிட்டாள்.

விளிம்பில் தேரை இல்லை. எப்போது இறங்கியது என்று அவள் பார்க்கவில்லை. நீருக்குள் ஒரு பழுப்புக் கட்டியாக, கால்களை மடக்கிக்கொண்டு சும்மா கிடந்தது. அடியில் மிளகுகள் அசையாமல் இருந்தன. மேலே இருந்த விளக்கு கொட்டாங்குச்சியில் வட்டமாக, முழுசாகத் தெரிந்தது. பால்புட்டியக்கா கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஓரத்தில் லேசாக நெளிந்தது.